மடித்துத் தைத்த நாடா

அத்தியாயம் ஏழு

கண்ணாடித்தாள் உறைக்குள் ஒரு துணி நாடா இருந்தது. ஒரு முழ நீளம், இரண்டு விரல் அகலம். எதிர்த்தரப்பு வக்கீல் அதை மேஜை நடுவில் வைத்த தோரணையில் கொலைக்கத்தியே தோற்றுவிடும்.

"பார்க்கலாம். தொடக் கூடாது," என்றார்.

"கடிக்குமா சார்?" என்றான் சைரன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது, முகத்திலும் கிடையாது. பெரிய சலவை ஆலை ஒன்றுக்காக வாதாடுகிறவர் என்பதால் முதல் நாளே சைரன் அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டான். அவர் இல்லாதபோது வக்கீலம்மாவும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்.

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாடாவின் மேல் குனிந்தார். அவர் அலுவலகம் ஒரு காலத்தில் வண்டி பழுது பார்க்கும் கொட்டகை. தரையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. கோர்ட்டுக்கு எதிரே மாடியில் நல்ல அறை கிடைத்தும் வக்கீலம்மா இதைத்தான் எடுத்தார். காலில் கட்டோடு வருகிறவர்கள் படியேறி வந்தா நியாயம் கேட்பார்கள் என்பது அவர் கட்சி. விபத்து வழக்குகளைத் தவிர வேறு எதையும் அவர் தொடுவதில்லை. அதிலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆள் பிடிப்பதில்லை.

சைரன் இங்கே வந்து சேர்ந்ததும் அதனால்தான். அவன் பதினோரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அடிபட்டவர்களின் விலாசத்தைத் தந்தால் 'கவனித்துக்கொள்வதாக' வக்கீல்கள் அவன் சட்டைப்பையில் திணித்த அட்டைகளை ஒரு நாள் மொத்தமாக ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தான். மறுநாள் வேலை போயிற்று. அடுத்த வாரம் ஒரு பெண் வக்கீல் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அந்தப் பலகையில என் கார்டு இருந்துதா?" என்று கேட்டார். இல்லை என்றான். "அப்ப என்கிட்ட வேலைக்கு வர்றியா?"

"விஷயம் எளிசு," என்றார் இஸ்திரி. "உங்க கட்சிக்காரர் விரிப்பு தேய்க்கற ரோலர் மெஷின்ல கையை விட்டுட்டார். மூணு விரல் போச்சு. வருத்தம்தான். ஆனா ரோலருக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி இருக்கு. கை பட்டா மெஷின் நின்னுடும். அன்னிக்கு ஏன் நிக்கலை? அந்தக் கம்பியை இந்த நாடாவால இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டினது நான் இல்லைன்னு உங்க கட்சிக்காரர் சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்திருக்கார். அவர்தான் அவசரத்துல கந்தல் துணியைக் கிழிச்சுக் கட்டினார், இப்படி ஒரு நாடாவை ஆலையில அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்லைன்னு எங்க சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"விசாரணை நாளைக்குப் பத்தரைக்கு," என்றார் வக்கீலம்மா.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எங்க சமரசம் உயிரோட இருக்கும். தப்பு என்னோடதுன்னு ஒரு வரி, இதைப் பத்தி வெளிய யார்கிட்டயும் பேச மாட்டேன்னு ஒரு வரி. ரெண்டுக்கும் கீழே கையெழுத்து. நிர்வாகம் கருணையோட ஒரு தொகை தரும். இல்லைன்னா நாளைக்கு வெறுங்கையோட, பொய்க்காரின்னு பேரோட வீட்டுக்குப் போவார்."

"அவசரத்துல கிழிச்ச கந்தல். அதானே சொல்றீங்க?"

"அதேதான்."

"நல்லது. அஞ்சு மணிக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல இருப்போம். சூப்பர்வைசரையும் வரச் சொல்லுங்க."

இஸ்திரி உறையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். வக்கீலம்மாவின் உதட்டோரம் லேசாகக் கோணியிருந்தது. அது சிரிப்புதான் என்று கண்டுபிடிக்க சைரனுக்கு முதல் வருஷம் முழுக்க ஆயிற்று.

"ஒரு கந்தலைப் பார்த்து எதுக்குங்க இவ்வளவு சந்தோஷம்?"

"நீ என்ன பார்த்தே?"

"வெள்ளையா, நீளமா, ஒரு துணி."

"மூணு பக்கம் மடிச்சு ரெண்டு வரி தையல் போட்டிருக்கு. அவசரத்துல கிழிச்ச கந்தலுக்கு எவ உக்காந்து ஓரம் தைப்பா? நடுவுல மடிப்பு பார்த்தியா? தேய்ச்ச மடிப்பு."

"கந்தலைக் குளிப்பாட்டி, தலைவாரி, பவுடர் போட்டு அனுப்பியிருக்காங்க!"

"நாலாவது பக்கம் மட்டும் கத்திரி வெட்டு. நூல்கூட இன்னும் பிரியலை. புது வெட்டு. அந்த முனையில ஏதோ இருந்திருக்கு. யாருக்கோ அது பிடிக்கலை."

"அப்ப ஜெயிச்சாச்சு!" என்று சைரன் வேன் சாவியை மேலே எறிந்து பிடித்தான்.

வக்கீலம்மாவின் உதடு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "தைச்சு, துவைச்சு, தேய்ச்ச நாடான்னா அது ஒரு நாள் நாடா இல்லை சைரன். தினம் தினம் கட்டின நாடா. அந்த மெஷின்ல தினம் நின்னது யாரு?"

சாவி கைதவறிக் கீழே விழுந்தது.

*

வழக்குப் போட்ட அக்கா தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். விரல் போனதிலிருந்து வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பக்கத்து வீட்டுத் துணிகளையும் வாங்கி மடிக்கிறார் என்று சைரன் கேள்விப்பட்டிருந்தான். துண்டின் ஒரு முனையைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு, இடது கையால் நீவி, வலது மணிக்கட்டால் அமுக்கினால் நாலு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். இரண்டு கையும் முழுதாக உள்ளவர்கள் மடித்தாலும் அப்படி வராது. சுவரில் இரண்டு ஷிஃப்ட் அட்டைகள் தொங்கின. ஒன்று அக்காவுடையது, பழையது. மற்றது அவர் தங்கையுடையது. விபத்து நடந்த மூன்றாம் வாரமே ஆலை அந்தத் தங்கையை அதே நாலாம் எண் மெஷினுக்கு மாற்றியிருந்தது.

"தங்கச்சி வேலைக்குப் போயிருக்காளா?" என்றார் வக்கீலம்மா.

"ஆறு மணி வரைக்கும் ஷிஃப்ட்டும்மா."

"அக்கா, முதல் நாள் நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அக்காவின் தாடையிலிருந்து துண்டு நழுவியது. "பொய் சொன்னா கேஸ் இல்லைன்னீங்க."

"தடுப்புக் கம்பியைக் கட்டினது யாரு?"

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா துண்டை எடுத்தார், மடிக்கவில்லை.

"நான்தான்," என்றார். "வேற யாரு கட்டுவா? கம்பி நல்ல கம்பிதாம்மா. கை பட்டா நிக்கும். ஆனா ஈரத் துணி உரசினாலும் நிக்கும். மணிக்கு இருபது தடவை நின்னா அவங்க சொல்ற கணக்குக்கு விரிப்பு எப்படிப் போகும்? அதனால காலையில வந்ததும் கட்டுவோம். ஆறு மெஷின்லயும். ஆறு வருஷமா. அன்னிக்கும் நான்தான் கட்டினேன். கட்டின கைதான் போச்சு. நானே கட்டிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நியாயம் கேக்கறது? அதான் சொல்லலை."

சைரன் வாசலைப் பார்த்தான். போன வருஷம் கழுத்துப் பட்டையோடு வந்த ஒரு ஆள் வெளியே போனதும் பட்டையைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டு நடந்ததை வக்கீலம்மா பார்த்துவிட்டார். அன்று மாலையே கோப்பு திரும்பிப் போயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தவன் சைரன்தான். இந்தக் கோப்பையும் அப்படித் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்குமோ என்று நினைத்தான்.

வக்கீலம்மா தரையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். "நாடா எங்கேர்ந்து வந்தது?"

"சூப்பர்வைசர் தருவார். கிழிசல் தைக்கிற பிரிவுல தைச்சு வரும். அழுக்கானா சலவைக்குப் போட்டுடணும், ரெண்டு நாள்ல தேய்ச்சு வந்துடும். முனையில மெஷின் நம்பரை நூல்ல போட்டிருப்பாங்க."

"வெட்டின முனை!" என்றான் சைரன்.

"பொய் சொன்னா கேஸ் இல்லைன்னு சொன்னேன்," என்றார் வக்கீலம்மா. "இப்ப நிஜத்தைச் சொல்லிட்டீங்க. அதனால கேஸ் இருக்கு. ஆனா அந்த வாக்குமூலம் இருக்கக் கூடாது. கட்டினது நான்தான்னு இன்னிக்கே மாத்தி எழுதிக் கொடுக்கணும்."

"என்னங்க இது!" சைரனுக்குக் குரல் தானாக ஏறியது. பெயருக்குக் காரணமே அதுதான். "அவங்களால அதை நிரூபிக்க முடியாது. வெறும் நாடாதான் வெச்சிருக்காங்க. நாமளே போய் சாட்டையை அவங்க கையில கொடுத்துட்டு முதுகையும் காட்டணுமா?"

"ஆமா."

"எழுதினா தோத்துடுவோமாம்மா?" என்றார் அக்கா.

"தோக்கலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. கட்டவே இல்லைன்னு சொல்லி நாளைக்கு ஜெயிச்சோம்னா, அந்த ஆலையில நாடாவே கிடையாதுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி. நாளன்னிக்குக் காலையில உங்க தங்கச்சி அந்த இல்லாத நாடாவைக் கட்டிட்டு நிப்பா."

அக்கா ஷிஃப்ட் அட்டையைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். "பேனாவைக் கொடுங்க."

கையெழுத்து கோணலாக, ஆனால் அழுத்தமாக விழுந்தது.

"சரி, உண்மையைச் சொல்லியாச்சு. இனி அதை யாராவது நம்பணுமே," என்றான் சைரன். "கூட வேலை பார்க்கறவங்க வாயே திறக்க மாட்டாங்க. பேசாம தங்கச்சிய ஒரு நாடாவை இடுப்புல சொருகிட்டு வரச் சொல்லலாம்."

"திருட்டு. அவ வேலையும் போகும், நம்ம சாட்சியும் போகும்." வக்கீலம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கினார். "அக்கா, அந்த நம்பரை எதுக்குப் போடறாங்க?"

"தொலையாம இருக்கத்தான்."

"மெஷின்லயே கட்டிக் கிடக்கற நாடா எப்படித் தொலையும்?"

அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"தொலையாத பொருளுக்கு யாரும் அடையாளம் போட மாட்டாங்க," என்றார் வக்கீலம்மா. "முதல்ல தொலைஞ்சிருக்கு. அப்புறம்தான் நம்பர் வந்திருக்கு. சலவைக்குப் போன இடத்துலதான் தொலைஞ்சிருக்கணும். யார் மூட்டையில போச்சு?"

"அட ஆமாம்மா! ஆஸ்பத்திரி மூட்டையில! அங்கயும் எல்லாம் வெள்ளை, இதுவும் வெள்ளை. மடிக்கும்போது ஒட்டிக்கிட்டுப் போயிடும். நாடா தீர்ந்துபோனா சூப்பர்வைசர்தான் அங்க ஓடுவார். வந்து கத்துவார் பாருங்க, 'அந்தப் பொம்பளைகிட்டேர்ந்து ஒரு முழத் துணியைத் திருப்பி வாங்கறதுக்குள்ள உயிர் போயிடுது'ன்னு."

"எந்தப் பொம்பளை?"

"துணி ரூம் அம்மா. அவங்க வெச்சதுதான் அங்க சட்டமாம்."

சைரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெரிஞ்சவங்களா?" என்றார் வக்கீலம்மா.

"எங்க அண்ணி," என்றான் சைரன்.

*

ஆம்புலன்ஸ் வேலையை அவனுக்கு வாங்கித் தந்ததே அண்ணிதான். அதை அவன் நாலு அட்டையும் ஒரு பெட்டி குண்டூசியும் வைத்துத் தொலைத்ததிலிருந்து அவனோடு நேராகப் பேசியது கிடையாது. விசேஷங்களில்கூட, "உங்க தம்பிக்கு வேணும்னா உக்காரச் சொல்லுங்க" என்று அண்ணன் வழியாகத்தான் பேச்சு.

ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்தில் வக்கீலம்மா முறைப்படி எழுதிக் கொடுத்து, "அங்கேயே வைத்துப் பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது" என்று அனுமதி வாங்கினார். அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. துணி அறை தரைக்குக் கீழே இருந்தது. கூரை வரை அடுக்கு, அடுக்கு முழுக்க விரிப்பு. சோப்பும் நீராவியும் கலந்த வாசனை.

"யாரு வந்திருக்கறது?" அண்ணி தலையைத் தூக்கவில்லை. "எங்க வீட்டுக் கொழுந்தனார் மாதிரி இருக்கு. அவருக்கு இங்க என்ன வேலை? அறிவிப்புப் பலகை மேலதானே இருக்கு?"

"அண்ணி, ஒரு உதவி..."

"உதவியா? அந்தப் பச்சை மூட்டை ஆறையும் மேல் அடுக்குல ஏத்துங்க. அப்புறம் பேசலாம்."

"நான் சாட்சி தேடி வந்திருக்கேன் அண்ணி."

"ஏணி அங்க இருக்கு."

அவன் ஏணியில் ஏறினான். மூட்டையோடு ஏறி, வெறுங்கையோடு இறங்கி, மறுபடி ஏறும்போதெல்லாம் கீழே பேச்சு துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. சலவையிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையையும் அண்ணி பிரித்து எண்ணுவார். ஆஸ்பத்திரிக் குறி இல்லாத துணி கையில் பட்டால் தனிப் பெட்டிக்குப் போகும். உரிமைக்காரர் வந்து கேட்டால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். அதற்கென்று, சாமி படம்கூட இல்லாத அந்த அறையில், துணி போர்த்தி வைத்த ஒரு புத்தகம் இருந்தது.

"உங்களுது ஒரு மேஜை விரிப்பு போயிருந்தாலும் எழுதித்தான் வாங்கணும்," என்றார் அண்ணி. "பொருள் என்ன, யாருது, எதுக்குப் பயன்படுது. மூணையும் அவங்க கையாலயே எழுதணும். ஒரு தடவை ரணத்துக்குக் கட்டற துணியை எவனோ தன்னோட கைக்குட்டைன்னு வாங்கிட்டுப் போயிட்டான். அன்னிலேர்ந்து இப்படித்தான்."

மூன்றாவது மூட்டையை ஏற்றும்போது புத்தகத்தின் மேல் வக்கீலம்மாவின் விரல் ஓரிடத்தில் நின்றதை சைரன் மேலிருந்து பார்த்தான். விரல் கீழே நகர்ந்தது, நின்றது. பக்கம் திரும்பியது. மறுபடி நின்றது.

"என்னங்க? என்ன இருக்கு?"

"மூட்டையைப் பார்த்து ஏத்து, விழுந்துடப் போறே," என்றார் வக்கீலம்மா. "இங்க விழுந்தா நானே கேஸ் எடுக்க வேண்டி வரும்."

ஆறாவது மூட்டை மேலே போனபோது புத்தகம் மூடியிருந்தது. வக்கீலம்மா அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சம்மன் வந்தா நாளைக்கு இந்தப் புத்தகத்தோட வருவீங்களா? ஆலைக்காரங்க உங்க மேலதிகாரிகளோட பழக்கமா இருக்கலாம். உங்களுக்குத் தொல்லை வரலாம். அதையும் சொல்லிடறேன்."

"சம்மன் இல்லாம ஒரு தாள் இங்கேர்ந்து நகராது. சம்மன் வந்தா நானே தலையில வெச்சுத் தூக்கிட்டு வருவேன்," என்றார் அண்ணி. "தொல்லை பண்ணட்டும். இருபத்தாறு வருஷத்துல இந்த ரூம்ல ஒரு தலையணை உறை காணாமப் போனது கிடையாது. என்ன காரணம் எழுதி என்னை மாத்துவாங்க? எழுதட்டும், பார்க்கலாம். அவங்க கையாலயே எழுதணும்."

வெளியே கிளம்பும்போது முதல் தடவையாக சைரனை நேராகப் பார்த்தார்.

"அந்தப் பலகையில குத்தினது சரிதான்," என்றார். "அதை என்கிட்ட சொல்லிட்டுக் குத்தியிருக்கலாம். நல்ல குண்டூசியா கொடுத்திருப்பேன்."

*

கோர்ட் அலுவலகத்தில் சம்மனுக்கான மனுவைக் கொடுத்து முத்திரை வாங்கி, அக்காவையும் ஏற்றிக்கொண்டு இஸ்திரியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக ஏழு நிமிஷம் இருந்தது. சைரன் பழைய பழக்கத்தில் ஓட்டியிருந்தான். தலைமேல் சுழலும் விளக்குதான் இல்லை.

நீள மேஜை. ஒரு பக்கம் இஸ்திரி, அவருக்கு அருகில் சூப்பர்வைசர். சூப்பர்வைசரின் சட்டைப்பையில் மூன்று பேனாக்கள் வரிசையாகக் குத்தியிருந்தன. சமரசப் பத்திரம் கையெழுத்துக்காகத் திறந்து கிடந்தது. நாடா தன் உறைக்குள் இருந்தது.

வக்கீலம்மா ஒரு தாளை நகர்த்தினார். "திருத்திய வாக்குமூலம். கோர்ட்லயும் கொடுத்தாச்சு. இது உங்க பிரதி."

இஸ்திரி படித்தார். முகத்தில் முதல் சுருக்கம் விழுந்தது. அது சிரிப்பு.

"கட்டினது அவர்தான்னு ஒத்துக்கறாரா? நீங்களே கொண்டு வந்து கொடுக்கறீங்களா? உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், இந்த அளவுக்குன்னு நினைக்கலை." பத்திரத்தை மூடினார். "அப்ப சமரசம் எதுக்கு? கருணை காட்டவும் இனி அவசியம் இல்லை."

அக்கா நாற்காலியில் அசையாமல் இருந்தார். சைரன் வக்கீலம்மாவைப் பார்த்தான். அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று வக்கீலம்மா வழி முழுக்கச் சொல்லவே இல்லை. "உன் மூஞ்சியில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

"போறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி," என்றார் வக்கீலம்மா. "சூப்பர்வைசர் சார், இந்த நாடாவை மாதிரி ஒண்ணை விபத்துக்கு முன்னாடி நீங்க பார்த்ததே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அதுல மாற்றம் உண்டா?"

"எதுக்கு மாற்றம்? பார்த்ததே இல்லை. ஆலையில அப்படி ஒரு பொருளே கிடையாது."

"நல்லது. நாளைக்கு எங்க சாட்சி ஆஸ்பத்திரி துணி ரூம் காப்பாளர். புத்தகத்தோட வர்றாங்க. இது சம்மன்."

சூப்பர்வைசரின் கை தானாகப் பேனாக்களைத் தொட்டது.

வக்கீலம்மா தன் குறிப்பேட்டைப் பார்த்து, செய்தி வாசிப்பதுபோல் வாசித்தார். "விபத்துக்கு ஏழு மாசம் முன்னாடி. 'பொருள்: நாடா, ஒன்று. யாருடையது: எங்கள் ஆலை, நான்காம் எண் மெஷின். எதற்குப் பயன்படுகிறது: தடுப்புக் கம்பியை அசையாமல் கட்ட. பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்து. அதுக்கு அடுத்த மாசம், ரெண்டாம் எண் மெஷின். அதுக்கும் அடுத்த மாசம், மறுபடி நாலு. மொத்தம் ஒன்பது வரி. ஒன்பதும் ஒரே கையெழுத்து."

இஸ்திரி மெதுவாகத் திரும்பினார். "இது என்ன?"

"எழுதாம தர மாட்டேன்னு அந்தம்மா பிடிவாதம் பிடிச்சாங்க சார்!" சூப்பர்வைசருக்கு இத்தனை நாள் எரிச்சலும் மொத்தமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. "நாலு நாள் அலைய விட்டாங்க! நாடான்னு எழுதினா பத்தாதாம், எதுக்குன்னு எழுதணுமாம். அங்க மெஷின் நிக்குது, மேல நிர்வாகம் கத்துது, இங்க இந்தம்மா பேனாவை நீட்டறாங்க. ஒரு முழ நாடாவுக்கு நான்..."

"பேசாதீங்க," என்றார் இஸ்திரி.

தாமதமாகிவிட்டது. சைரன் வாயைப் பொத்திக்கொண்டான். அண்ணி ஏன் சுவரில் சாமி படம்கூட மாட்டாமல் அந்தப் புத்தகத்தை மட்டும் துணி போர்த்தி வைத்திருக்கிறார் என்று இப்போது புரிந்தது.

இஸ்திரியைக் குறைத்து எடைபோட முடியாது. இரண்டு மூச்சில் அவர் கோட்டும் முகமும் பழைய வழவழப்புக்குத் திரும்பின. நாடா உறையைப் பெட்டிக்குள் தள்ளினார். மூடிய பத்திரத்தைத் திறந்து, ஒரு வரியை அடித்தார். தொகைக்கு எதிரே வேறு எண்ணை எழுதினார்.

"தப்பு என்னோடதுங்கற வரி வேண்டாம். எடுத்துட்டேன். தொகை மூணு மடங்கு. இன்னிக்கே காசோலை. அந்த இன்னொரு வரி மட்டும் இருக்கும். வெளிய பேசக் கூடாது."

வக்கீலம்மா அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்துவிட்டது. "இது உங்க முடிவு அக்கா. நாளைக்குக் கோர்ட்ல என்ன ஆகும்னு நான் உறுதி சொல்ல முடியாது. கையில வர்றது நிச்சயம். வாங்கிக்கிட்டீங்கன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன், சத்தியமா."

சைரன் அக்காவின் வலது கையைப் பார்த்தான். பிறகு பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தான். மூன்று மடங்கு. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கே தைரியம் இருந்திருக்காது.

"வெளிய பேசக் கூடாதுன்னா, சார்," என்றார் அக்கா, "என் தங்கச்சிகிட்டகூடவா?"

"யார்கிட்டயும்."

அக்கா இடது கையால் போனை எடுத்தார். கட்டைவிரலால் தேடி, அழுத்தி, மேஜையின் நடுவில் வைத்தார். மணி அடித்தது. பிறகு அந்த அறை முழுக்க இயந்திர இரைச்சல் வந்து நிறைந்தது.

"அக்கா? ஷிஃப்ட்ல இருக்கேன், போனைப் பார்த்தா திட்டுவாங்க. சீக்கிரம் சொல்லு."

"சிவப்பு பட்டனை அழுத்து. மெஷினை நிறுத்து."

"என்னது?"

"நிறுத்திட்டு நாடாவை அவுரு. அப்புறம் ஓட்டு."

"அவுத்துட்டு எப்படிக்கா ஓட்டறது? சூப்பர்வைசர் வந்தா..."

"அவர் வர மாட்டார். என் எதிர்ல உக்காந்திருக்கார். வாயைத் திறக்க மாட்டார், நீ அவுரு."

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். இஸ்திரி அவர் மணிக்கட்டின் மேல் கையை வைத்தார்.

இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. துணி உரசும் சத்தம். யாரோ தூரத்தில் "என்னடி பண்றே?" என்று கேட்டார்கள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ஓடியது. டக்கென்று ஒரு சத்தம்.

"நின்னுடுச்சுக்கா. முதல் விரிப்புலயே நின்னுடுச்சு."

"நிக்கட்டும். நிக்கறதுதான் அதோட வேலை."

"அக்கா..." தங்கையின் குரல் தாழ்ந்தது. "அஞ்சாம் மெஷின்ல இருக்கறவங்க கேக்கறாங்க. அவங்களும் அவுக்கலாமான்னு."

அக்கா யாரையும் பார்க்கவில்லை. "அவுக்கச் சொல்லு," என்றார். பத்திரத்தை மணிக்கட்டால் அமுக்கி, இடது கையால் நாலாக மடித்து, மூலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த, இஸ்திரியின் முன்னால் வைத்தார். "நாளைக்குப் பத்தரைக்கு வர்றோம் சார்."

போனில் டக்கென்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. இரைச்சல் அடுக்கடுக்காகக் குறைந்துகொண்டே வந்தது. ஆறு மெஷினும் நின்ற பிறகு அந்தக் கூடத்தில் பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது.